ஏனுங்க அண்ணன் ப்ராக்ஸி கேட்டுப் போன கதை

கோயமுத்தூர் மரியாதைக்குப் பேர்போன ஊர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பேரில் பாதியை எங்கள் ஆபீஸ் ஏனுங்க அண்ணன் ஒருவரே சம்பாதித்துக் கொடுத்தார் என்பது என் கட்சி. மனிதர்களிடம் மரியாதையாகப் பேசுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோனால் தட்டாமல், திட்டாமல், திரையைப் பார்த்து "ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று விசாரிக்கிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தினமும் பார்த்தேன்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் பயன்பட்டது. மற்ற நாட்களில் கூரியர்காரர்கூட வாசலில் நின்று "ஏனுங்க சார் இருக்காருங்களா?" என்றுதான் கேட்பார். அவரும் உள்ளேயிருந்து "ஏனுங்க?" என்பார். வேறு சாட்சி தேவைப்படாமல் பார்சல் கைமாறும்.

எங்கள் ஆபீஸ் காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே புடவைக்கு ஆள் கூப்பிடும் சத்தம், பக்கத்தில் ஒரு லாட்ஜ், எதிரே டவுன் பஸ்களின் ஹாரன். மேலே நாங்கள் ஆறு பேர். இணையத்தில் கடை விரித்திருக்கும் தளங்களுக்குள் போய் விலைகளைத் திரட்டிக்கொண்டு வந்து, காசு கொடுப்பவர்களுக்குக் காலையில் அட்டவணையாக அனுப்புவது எங்கள் தொழில். தொழில்காரர்கள் இதை ஸ்கிரேப்பிங், அதாவது சுரண்டுவது, என்பார்கள். அண்ணனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுருங்கும். "நாம என்ன தேங்காயா சொரண்டறோமுங்க? வெல விசாரிச்சுப்போட்டு வாரோம், அவ்வளவுதான்" என்பார்.

விசாரிக்கும் விதத்திலும் அவர் ஒரு தினுசு. மற்றவர்கள் எழுதும் புரோகிராம் ஒரு தளத்துக்குள் புகுந்தால் மூச்சு விடாமல் கேள்வி கேட்டுத் துளைத்தெடுக்கும். அண்ணன் எழுதியது ஒரு பக்கத்தைப் பார்க்கும், கொஞ்சம் இளைப்பாறும், பிறகுதான் அடுத்த பக்கத்துக்கு நகரும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அடியோடு நின்றுவிடும்.

"அண்ணா, அது எங்கேயோ இருக்கிற மெஷின். அதுக்கு ஏது சாப்பாட்டு நேரம்?" என்று கேட்டேன்.

"மெஷினுக்கு இல்லீங்க தம்பி. அதப் பாத்துக்கறவரு உங்கற நேரம். நாம போயி நெம்ப கேட்டு, அது நின்னுபோச்சுன்னா, பாதி எலைல எந்திரிக்கோணுமல்லங்க அவரு?"

ஒவ்வொரு தளமும் எந்திரங்கள் எந்தப் பக்கத்துக்கு வரலாம், எதற்கு வரக்கூடாது என்று வாசலிலேயே ஒரு அறிவிப்பு வைத்திருக்கும். உலகத்தில் பெரும்பாலோர் அதை நோட்டீஸ் ஒட்டாதே என்று எழுதிய சுவரை மதிப்பதுபோல் மதிப்பார்கள். அண்ணன் ஒவ்வொரு வரியாகப் படித்து, "இங்கெல்லாம் வராதீங்கன்னு சொல்லிப்போட்டாங்க, போகக்கூடாது" என்று அந்த வேலையையே திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் முதலாளி ஸ்டெல்லா மேடம் அப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாட்டுக்குழுவை நடத்துகிறவர், மற்ற ஆறு நாளும் எங்களை நடத்துகிறவர். எதில் அதிகப் பாவமன்னிப்பு கிடைக்கும் என்று அவருக்கே சந்தேகம் இருந்தது.

இந்த லட்சணத்தில் எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர்தான். வெட் கிரைண்டர் செய்கிற கம்பெனியின் முதலாளி. அவருடைய கிரைண்டர் இணையத்தில் எந்த ஊருக்கு என்ன விலையில் போகிறது என்று தினமும் காலையில் அவருக்குத் தெரிய வேண்டும். கடைத்தளங்கள் பொல்லாதவை. பார்க்கிறவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்று மோப்பம் பிடித்து, ஊருக்கு ஒரு விலை காட்டும். பொள்ளாச்சிக்கு ஒன்று, கோபிக்கு ஒன்று, அந்தியூருக்கு இன்னொன்று. அந்த ஊர் டீலர்களெல்லாம் "இணையத்துல கொறச்சு விக்கறாங்க, எங்க பொழப்பு போச்சு" என்று அவரைப் போட்டுப் பிராண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிரைண்டர் சுற்றினால்தான் எங்கள் ஆறு வீட்டிலும் சோறு வேகும். அது எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

காந்திபுரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தியூர் விலையைப் பார்க்க வேண்டுமானால், வேறொருவர் முகவரி வழியாகப் போக வேண்டும். இதற்குப் பெயர் ப்ராக்ஸி. அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று டேட்டாசென்டர் ப்ராக்ஸி: ஏசி போட்ட பெரிய கூடங்களில் அடுக்கி வைத்த எந்திரங்களின் முகவரி. மலிவு, வேகம். ஆனால் தளத்துக்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னொன்று ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி: நம்மைப்போல வீட்டில் இணைப்பு வைத்திருக்கும் நிஜ மனிதர்களின் முகவரி. விலை அதிகம், எவ்வளவு பார்க்கிறோமோ அவ்வளவுக்குக் காசு, வேகமும் சுமார்தான். ஆனால் யாரோ ஒரு வீட்டு அம்மா கிரைண்டர் வாங்கப் பார்க்கிறார் என்று தளம் நம்பிவிடும்.

அண்ணன் இதை ஒரே மூச்சில் புரிய வைத்தார். "லாட்ஜ் அட்ரஸக் குடுத்துப் பொண்ணு கேட்டா எவனாச்சும் குடுப்பானுங்களா? ஊட்டு அட்ரஸுன்னா உக்கார வெச்சுக் காப்பி குடுப்பாங்க." அன்றிலிருந்து எங்கள் ஆபீஸில் அவற்றுக்கு லாட்ஜு, ஊடு என்றே பெயர்.

மலிவாக இருக்கிறதே என்று மேடம் முதலில் லாட்ஜைத்தான் வாங்கினார். கொஞ்ச நாள் ஜோராக ஓடியது. பிறகு தளம் எங்களை மோப்பம் பிடித்துவிட்டது. கதவைச் சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்த முகத்தோடு உள்ளே கூப்பிட்டு, எல்லா ஊருக்கும் ஒரே விலையைக் காட்டி அனுப்ப ஆரம்பித்தது. நானும் அதை அழகாக அட்டவணை போட்டு, கலர் அடித்து, அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கிரைண்டர் முதலாளி போன் செய்தார். அவர் எப்போதும் குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் 'ங்க' இன்னும் அதிகமாகும்.

"மேடமுங்க, அந்தியூர் டீலரு என்ற முன்னால உக்காந்திருக்கறாருங்க. அவரு போனுல ஒரு வெலைங்க, நீங்க அனுப்புன பேப்பருல ஒரு வெலைங்க. வர்ற அமாவாசைக்கு உங்க ஆபீசுக்கே வாரேனுங்க. அதுக்குள்ள அந்தியூரு வெல செரியா வந்துபோட்டா பாக்கலாமுங்க. இல்லீனா நான் வேற ஆளுகளப் பாத்துக்கறனுங்க."

போனை வைத்த மேடம், மாதா படம் போட்ட காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று தேடினார். அந்தக் காலண்டரில் அது இல்லை. கீழே துணிக்கடையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஊடே வாங்கிடலாம்" என்று முடிவு சொன்னார்.

வீட்டு ப்ராக்ஸி விற்கும் ஒரு கம்பெனியின் பையன் வீடியோவில் வந்தான். டை கட்டியிருந்தான். உலகமெங்கும் எங்களிடம் வீடுகள் இருக்கின்றன என்று மேப்பைக் காட்டினான். எல்லோரும் தலையாட்டினோம். அண்ணன் மட்டும் கையைத் தூக்கினார்.

"ஏனுங்க தம்பி, நாம அவங்க ஊட்டு வழியாப் போயிட்டு வாரது அந்த ஊட்டுக்காரங்களுக்குத் தெரியுமுங்களா?"

"எல்லாரும் ஓகே குடுத்தவங்கதான் சார். ஃப்ரீயா ஒரு கேம் டவுன்லோட் பண்ணும்போது கீழே கண்டிஷன்ல இருக்கும்."

"அதப் படிச்சுப் பாத்துத்தானுங்களா குடுத்தாங்க?"

பையன் சிரித்தான். "அதையெல்லாம் யார் சார் படிப்பாங்க?"

அண்ணன் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கும்பிட்டார். "அப்ப நமக்கு வேண்டாமுங்க. நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க." மேடம் மேஜையில் தலையை வைத்துக்கொண்டார்.

ஆனால் அதற்குள் நான் சும்மா இருக்காமல், அந்தப் பையன் கொடுத்த இலவச மாதிரியை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அது ஏதோ ஒரு வீட்டு வழியாகப் போய் வந்தது. ஊர் என்ற இடத்தில் கோபிசெட்டிபாளையம் என்று இருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணன் பதறிவிட்டார்.

"கோபியில என்ற பெரியம்மா பொண்ணு இருக்குதுங்க! அதும்பட ஊடா இருந்துபோட்டா?"

"கோபியில எத்தனையோ வீடு இருக்கு அண்ணா."

"இருக்கலாமுங்க. ஆனா அதும்பட பையன் எந்நேரமும் கேமுதான் ஆடறான்."

அடுத்த நிமிடம் ஸ்பீக்கரில் போன் போட்டுவிட்டார். "அம்மணி, நான் இப்பத்தான் உங்க ஊட்டு வழியாப் போயிட்டு வந்தன்னு நெனைக்கறேன். சொல்லாமப் போனது தப்புத்தான். மனசுல வெச்சுக்காதே."

 மறுமுனையில் அந்தத் தங்கை குறைப்பட்டுக்கொண்டார். "ஊடு வரைக்கும் வந்துபோட்டு ஒரு வாய் சாப்புடாமப் போயிட்டீங்களாண்ணா? நாங்க என்ன பண்ணிப்போட்டோம் உங்களுக்கு?"

அந்த மனத்தாங்கலைத் தீர்க்க அண்ணன் அன்றைக்கே கோபிக்குப் பஸ் ஏற வேண்டியதாயிற்று. போனவர் சும்மா திரும்பவில்லை. ஒரு யோசனையோடு திரும்பினார். நமக்கு வீடுகள்தானே வேண்டும்? ஊருக்கு ஊர் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை அவர்கள் வீட்டு இணைய மோடத்தோடு சேர்த்து வைத்தால், அந்த வீட்டு வழியாகவே விலை பார்க்கலாம். நேரில் போய்க் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் வைக்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்து காலையில் ஒருமுறை பார்த்தால் போதும். "ஊட்டுல இருக்கறவங்க ஒருக்கா வெல பாக்கறதுல என்னங்க தப்பு? எல்லாரும் பாக்கறதுதான?"

மேடத்துக்கு வேறு வழி இல்லை. அண்ணனோடு என்னையும் துணைக்கு அனுப்பினார். அந்த வாரம் எனக்கு இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. அண்ணன் ஒரு வீட்டுக்குள் போனால் எடுத்த எடுப்பில் ப்ராக்ஸி பற்றிப் பேசமாட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, அதன் நடுவில் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரை வைத்து, நின்றபடி நீட்டுவார். வீட்டார் பதறி எழுந்து "யாருக்குங்க கல்யாணம்?" என்பார்கள். கல்யாணம் இல்லை, விலை பார்க்கிற சங்கதி என்று விளக்கி முடிப்பதற்குள் இலை போட்டுவிடுவார்கள். இணைப்புக் கொடுத்த கேபிள்காரரையும் தேடிப்பிடித்து அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார். அவருக்கும் பழம் உண்டு.

பெட்டி வைத்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்தோம். அண்ணனின் பொள்ளாச்சி அத்தை, வானத்தில் மேகம் கூடினாலே வீட்டிலுள்ள எல்லா ஒயரையும் பிடுங்கிவிடுவார். கோபித் தங்கை, சட்னி அரைக்க பிளக் பாயின்ட் வேண்டும் என்றால் எங்கள் பெட்டிக்கு ஓய்வு கொடுத்துவிடுவார். நானும் மறைக்காமல் அட்டவணையில் காரணத்தை எழுதி அனுப்பினேன். "பொள்ளாச்சி: விலை இல்லை, இடி." "கோபி: சட்னி முடிந்ததும் வரும்." ஆனால் வந்த விலைகளெல்லாம் அச்சு அசலான விலைகள். டீலர்கள் போனில் இருந்ததும் எங்கள் பேப்பரில் இருந்ததும் ஒன்றாக இருந்தன.

மிச்சமிருந்தது அந்தியூர். கிரைண்டர் முதலாளி குறி வைத்துக் கேட்ட அதே அந்தியூர். அங்கே அண்ணனின் தாய்மாமன் இருந்தார். குதிரைச் சந்தைக்குப் போனால் குதிரைகள் அவரைப் பார்த்து ஒதுங்கும் என்று அண்ணன் சொல்வார். நாங்கள் போய்த் தட்டை நீட்டியபோது மாமா வாங்கவில்லை. அண்ணன் எதற்கு வந்திருக்கிறோம், எந்தக் கம்பெனிக்காக என்று பணிவாகச் சொல்லச் சொல்ல, அவர் முகம் இறுகியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். "தப்பு என்ற மேலதானுங்க தம்பி. தாய்மாமன் ஊட்டுல மொதல்ல வெச்சுப்போட்டுத்தான் கோபிக்குப் போயிருக்கோணும். மொறை தெரியாதவனாட்ட நடந்துபோட்டேன்."

அமாவாசை வந்தது. சொன்ன மாதிரியே கிரைண்டர் முதலாளி வந்தார். கூடவே அந்தியூர் டீலரும் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் போன். மேடம் காப்பி வரவழைத்தார். நான் அட்டவணையைக் காட்டினேன். பொள்ளாச்சி சரி. கோபி சரி. ஈரோடு சரி. அந்தியூர் என்ற கட்டம் மட்டும் வழித்தெடுத்த இலை மாதிரி வெறுமையாக இருந்தது.

"உங்க ஏனுங்க எங்கீங்க?" என்று முதலாளி கேட்டார்.

அண்ணன் விடியும் முன்பே மன்னிப்புக் கேட்க அந்தியூருக்குக் கிளம்பிப் போயிருந்தார். மேடம் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அண்ணன் கிசுகிசுத்தார். "மாமன் இன்னும் பேசலீங்க மேடம். எதுத்தாப்புல உக்காந்து சாப்புட்டுட்டு இருக்கறோமுங்க."

"இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

"ரசத்துக்கு வந்துட்டமுங்க."

டீலர் குலுங்கிச் சிரித்தார். "ஏனுங்க மொதலாளி, இதுதானுங்களா கம்ப்யூட்டர் கம்பெனி?" மேடத்தின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆபீஸ் வாடகை, ஆறு பேர் சம்பளம் எல்லாம் அந்தியூரில் ஒரு இலையில் ரசத்தோடு ரசமாக ஓடிக்கொண்டிருந்தது.

கிரைண்டர் முதலாளி சிரிக்கவில்லை. போனை எடுத்தார். "ஏனுங்க, போனக் கொஞ்சம் மாமாகிட்டக் குடுங்க. வணக்கமுங்க. நான் கிரைண்டர் கம்பெனியில இருந்து பேசறனுங்க. உங்க மருமகன் மொறை தவறி நடந்துபோட்டாருன்னு கோவமுங்களா?"

மாமாவின் குரல் ஸ்பீக்கரைத் தாண்டிக் கீழே துணிக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். "மொறையா? அவன் கெடக்கறான் வெகுளி. எனக்குக் கோவம் உங்க மேலீங்க! உங்க கிரைண்டர வாங்கி அது தீவாளி நோம்பியில இருந்து சுத்தாமக் கெடக்குது. உங்க டீலருகிட்ட நடந்து நடந்து என்ற செருப்புத்தான் தேஞ்சுபோச்சு. 'ஆள அனுப்பறேன், அனுப்பறேன்'ங்கறாரு, ஒருத்தனும் வரக் காணோம். என்ற ஊட்டுல இட்லி சுட்டே மாசக்கணக்காச்சு. அந்தக் கம்பெனிக்கு என்ற ஊட்டு வழியா வெல பாக்கோணுமா? இந்தத் தெருவுல அத்தன பேரும் இப்ப இணையத்துலதான் வாங்கறாங்க. கெட்டுப்போனா இணையக் கடைக்காரன் ஆளு நாளைக்கே வாரானே!"

 டீலர் ஆறிப்போன காப்பியை எடுத்து மும்முரமாக ஆற்றினார்.

முதலாளி அவர் பக்கம் மெதுவாகத் திரும்பினார். 'ங்க' நிறைய வந்தது. "ஏனுங்க, வெல கொறச்சு விக்கறதாலதான் உங்களுக்கு யாவாரம் போச்சுன்னு சொன்னீங்களேங்க?"

சாயங்காலத்துக்குள் மெக்கானிக் அந்தியூர் போய்ச் சேர்ந்தார். கல் சுற்றியதும் மாமா தட்டை வாங்கினார், பெட்டியைத் தானே கையால் மோடத்துப் பக்கத்தில் வைத்து விபூதி பூசினார். மறுநாள் காலை அந்தியூர் கட்டத்தில் விலை வந்து உட்கார்ந்தது. கிரைண்டர் முதலாளி எங்களை விடவில்லை. எல்லா ஊர் வீடுகளிலும் கிரைண்டர் ஓடுகிறதா என்றும் சேர்த்து விசாரித்துச் சொல்லச் சொன்னார். அதற்குத் தனிக் காசு. மேடம் அந்த ஞாயிறு பாட்டுக்குழுவில் வழக்கத்தைவிட உரக்கப் பாடினாராம்.

லாட்ஜா, ஊடா என்று யாராவது இன்று என்னிடம் கேட்டால், நான் நியாயமான பதிலையே சொல்வேன். அவசரத்துக்கு, மொத்தமாக, மலிவாக வேண்டுமென்றால் லாட்ஜ். ஊர் ஊராக உண்மை வேண்டுமென்றால் வீடு, அதுவும் வீட்டாருக்குத் தெரிந்து திறந்துவிட்ட வீடு. அண்ணன் மாதிரி பந்தி பந்தியாக உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அப்படி வாங்கினால் ருசி அதிகம்.

இதை எழுதப் போகிறேன் என்று அவரிடம் அனுமதி கேட்டேன். "என்னயப் பத்தி எழுதறதுக்கு என்னங்க இருக்குது? படிக்கறவங்களுக்கு வேல வெட்டி இருக்குமல்லங்க?" என்று கூச்சப்பட்டார். பிறகு, "மாமனப் பத்தி எழுதறீங்கன்னா அவருகிட்ட நேர்ல போயி ஒரு வார்த்த கேட்டுப்போடுங்க" என்றார். போன வாரம் பழம் வாங்கிக்கொண்டு அந்தியூருக்குப் போனேன். இட்லி போட்டார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவன நல்லவன்னு எழுதறீங்களா, கிறுக்கன்னு எழுதறீங்களா?"

"ரெண்டும் கலந்துதானுங்க மாமா."

மாமா என் இலையில் இன்னொரு இட்லி வைத்தார். "செரி, எழுதுங்க. ஆனா நல்லவன்ங்கறது கடைசீல வர்ற மாதிரி எழுதிப்போடுங்க. படிக்கறவங்களுக்கு அதுதான் மனசுல நிக்கோணும்."

அப்படியே எழுதிவிட்டேன், மாமா. அவர் ரொம்ப நல்லவர்.